அமாவாசை எந்த ஊருக்கு வரும்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு எழுதிக் கொடுக்கச் சொல்லி டிபார்ட்மென்ட்ல சொல்லியாச்சு. உங்க டீம் என்ன எழுதிக் கொடுத்திருக்கும்னு நான் சொல்லட்டுமா? முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுற சிஸ்டம். இல்லன்னா இலையைப் போட்டோ எடுத்தா என்ன நோய்னு சொல்ற ஆப். ரெண்டும் இல்லன்னா ஒரு சாட்பாட். லைப்ரரியில சீனியர்களோட பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பாருங்க, அட்டை நிறம் மட்டும்தான் மாறியிருக்கும். மார்க் வந்துடும், அதுல சந்தேகம் இல்லை. வைவா முடிஞ்ச மறுநாள் அந்த கோட்டைத் திறந்து பார்க்க உலகத்துல ஒரு ஆள் கூட இருக்க மாட்டாங்க, எழுதின நாமளும் சேர்த்துதான்.

அதனால ஒரு மாற்று யோசனை. கணக்கை அசையும் படமா, கோட் எழுதி வரைந்து, தமிழ்ல, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமா செய்யுங்க. இதை முழு ப்ராஜெக்ட்டா கல்லூரிகள் ஏத்துக்கணும். எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, என் பதில் பழவேற்காடு. ஏன் அங்கேன்னு போகப் போகச் சொல்றேன்.

முதல்ல கருவி. 3ப்ளூ1ப்ரவுன் சேனலை நம்மள்ல பாதிப் பேர் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி பார்த்திருப்போம். கறுப்புப் பின்னணியில ஒரு கோடு வளையும், ஒரு சதுரம் வட்டமா மாறும், லீனியர் அல்ஜிப்ரா திடீர்னு புரிஞ்ச மாதிரி இருக்கும். அதை நடத்துற கிராண்ட் சாண்டர்சன் 2015-ல சேனலை ஆரம்பிச்சப்போ, தன் படங்களை வரையுறதுக்காகத் தானே பைத்தான்ல ஒரு லைப்ரரி எழுதினார். அதுதான் மேனிம். இலவசம், கோட் எல்லாருக்கும் திறந்தது. 2020-ல ஒரு தன்னார்வலர் குழு அதைப் பிரிச்சு எடுத்து, ஆவணங்கள் எழுதி, புதுசா வர்றவங்களும் பயன்படுத்துற மாதிரி தனியா வளர்க்க ஆரம்பிச்சாங்க. நீங்க இன்ஸ்டால் பண்ண வேண்டியது அந்த கம்யூனிட்டி பதிப்பைத்தான்.

வேலை செய்யுற விதம் சுலபம். ஒரு வட்டம் வேணும்னா வட்டம்னு ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்குறீங்க. அதை இங்கேருந்து அங்கே நகர்த்து, இத்தனை விநாடியில, அப்படின்னு ஒரு வரி. அது ஒவ்வொரு ஃப்ரேமையும் கணக்கிட்டு வரைஞ்சு, கடைசியில எல்லாத்தையும் ஒரு வீடியோவா கோத்துக் கொடுத்துடும். மவுஸ் வச்சு இழுத்து வரையுற சாஃப்ட்வேர்ல ஒரு சைன் அலையை வரையலாம், ஆனா அது சைன் அலை மாதிரி இருக்கிற ஒரு கோடு, அவ்வளவுதான். மேனிம்ல வரையுற அலை சைன் சார்பிலிருந்தே வருது. நாளைக்கு ஒரு ஆசிரியர், "அலைநீளத்தைப் பாதியாக்கிக் காட்டும்மா"ன்னு கேட்டா ஒரு எண்ணை மாத்தி மறுபடி ஓட்டினா போதும். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. குறைந்த தரம்னு ஒரு அமைப்பு இருக்கு, 480 பிக்சல் உயரத்துல, விநாடிக்கு 15 ஃப்ரேம். அம்மாவோட பழைய போன்ல பார்க்கிற பிள்ளைக்கு அது தாராளம். டேட்டாவும் மிச்சம்.

கோட் எழுதிக் கணக்குப் படம் வரையுறது நமக்கு ஒண்ணும் இறக்குமதிச் சரக்கு இல்லை. தாம்பரம் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியோடும் கமலா கிருதிவாசனோடும் சேர்ந்து 1974-ல ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வாசல்ல போடுற கோலத்தை இலக்கண விதிகளா எழுதி, அந்த விதிகளிலிருந்து மறுபடியும் கோலம் பிறக்க வைக்கிறது எப்படிங்கிறதுதான் விஷயம். சாண்டர்சன் சேனல் தொடங்குறதுக்கு 41 வருஷம் முன்னால. நம்ம தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பேப்பர்ல இது ஒரு வரியாவது வந்திருந்தா அந்த சப்ஜெக்ட் மேல எனக்கு இருந்த கோபம் பாதி குறைஞ்சிருக்கும்.

சரி, பழவேற்காடு. சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர், பொன்னேரி தாண்டி. சிலிகாவுக்கு அடுத்தபடி நாட்டோட ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல ஸ்ரீஹரிகோட்டா தீவு. அங்கே ராக்கெட் ஏறும்போது இந்தக் குப்பங்கள்ல இருக்கிற பிள்ளைங்க வெளியே வந்து நின்னு பார்க்கிறாங்க. இந்தியாவுல வேற எந்த ஊர்ப் பிள்ளைக்கும் எறிபாதைன்னா என்னன்னு இவ்வளவு பெருசா யாரும் கரும்பலகையில வரைஞ்சு காட்டியிருக்க முடியாது. ஆனா நான் சொல்ல வந்த கணக்கு ராக்கெட்டில் இல்லை, ஏரியில.

பழவேற்காட்டில் பாடுன்னு ஒரு முறை பல தலைமுறையா இருக்கு. ஏரியில நல்ல மீன்பிடி இடங்கள் கொஞ்சம்தான். வலைகள் நிறைய. எந்த நாள், எந்த இடத்துல, யார் வலை போடலாம்ங்கிறதைச் சீட்டுப் போட்டும் முறை வச்சும் சுழற்சியில பிரிச்சுக்கிறாங்க. இதைப் பத்திப் பேச்சு வந்தா கோட்டைக்குப்பம், நடூர் மாதாக்குப்பம், ஆண்டிக்குப்பம்னு மூணு ஊர்ப் பேர் வரும். இன்னிக்கு நல்ல இடம் உங்களுக்கு, நாளைக்கு எங்களுக்கு. சண்டை வராம இருக்க ஊர்க்காரங்களே கண்டுபிடிச்ச ஏற்பாடு. ஆராய்ச்சியாளர்கள் இதைப் பத்தி நிறைய எழுதியிருக்காங்க, பொருளாதாரம், சமூகவியல் பக்கத்திலிருந்து.

இதுல இருக்கிற கணக்கைப் பாருங்க. நம்ம மாநிலப் பாடத்திட்டத்துல பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் ரெண்டாவது பாடத்துல மட்டு எண்கணிதம்னு ஒரு பகுதி வருது. நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம், அதனால அந்தத் தமிழ்ப் பேர் எனக்குப் போன வருஷம்தான் அறிமுகம். மாடுலர் அரித்மெடிக்தான் அது. ஒரு எண்ணால வகுத்து மீதியை மட்டும் பார்க்கிற கணக்கு. எப்பவும் கடிகாரத்தைத்தான் உதாரணம் காட்டுவாங்க. கடிகாரம் நல்ல உதாரணம்தான், ஆனா அதுல யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. பதினாலு மணியை ரெண்டு மணின்னு சொன்னா யாரோட அடுப்பும் அணையாது. பாடு அப்படி இல்லை.

மூணு ஊர், மூணு நிறம், ஒரு சக்கரம். நாள் எண்ணை 3-ஆல வகுங்க. மீதி 0 வந்தா முதல் ஊர், 1 வந்தா ரெண்டாவது, 2 வந்தா மூணாவது. நிஜ முறையில இன்னும் பல அடுக்கு இருக்கு, வகுப்புக்காக இப்படி எளிமையாக்கிக்கலாம். மேனிம்ல ஒரு வட்டத்தை மூணு துண்டாக்கி, நாளுக்கு ஒரு தடவை சுத்த விட்டா படம் ரெடி. இதைத்தான் நானும் என் ரெண்டு நண்பர்களும் அங்கே ஒரு குப்பத்தில் நடக்கிற மாலை நேர வகுப்புக்கு எடுத்துட்டுப் போனோம். இருபது பிள்ளைங்க, ஒரு லேப்டாப். சக்கரம் சுத்துச்சு, எல்லாரும் பார்த்தாங்க. பின்னாடி உக்காந்திருந்த ஒரு பத்தாவது படிக்கிற பொண்ணு கேட்டா: "அக்கா, அப்போ அமாவாசை எந்த ஊருக்கு வரும்?"

இந்தக் கேள்வி ஏன் முக்கியம்னு விளக்கணும். ஏரியில நட்டு வைக்கிற வலைக்கு நீரோட்டம்தான் உயிர். தண்ணி ஓடினாத்தான் இறால் வந்து வலையில சேரும். அமாவாசை, பௌர்ணமி சமயத்துல சந்திரனும் சூரியனும் ஒரே நேர்கோட்டுல இழுக்கிறதால ஏற்ற இறக்கம் அதிகம், ஓட்டமும் வேகம். அதாவது எல்லா நாளும் ஒரே மதிப்பு இல்லை. மூணு நாளுக்கு ஒரு நாள் உங்களுக்குன்னு சமமா பிரிச்சுட்டு, அமாவாசை மட்டும் ஒரே ஊருக்கு விழுந்துட்டே இருந்தா அது சமமா?

உடனே கரும்பலகையில போட்டுப் பார்த்தோம். மாசம் சரியா 30 நாள்னு வச்சுக்கோங்க. 30-ஐ 3-ஆல வகுத்தா மீதி 0. அப்போ இந்த அமாவாசை முதல் ஊருக்கு விழுந்தா அடுத்ததும் முதல் ஊருக்கு, அதுக்கடுத்ததும் முதல் ஊருக்கு. மத்த ரெண்டு ஊரும் ஆயுசுக்கும் அமாவாசையைக் கரையில நின்னு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஆனா சந்திரன் 30 நாள் எடுத்துக்கறதில்லை. அமாவாசைக்கும் அமாவாசைக்கும் நடுவுல சராசரியா 29.53 நாள். அதனால முதல் அமாவாசையை 0-ஆம் நாள்னு எடுத்துக்கிட்டா, அடுத்தடுத்த அமாவாசைகள் 30, 59, 89, 118, 148, 177-ஆம் நாள்கள்ல வரும். ஒவ்வொண்ணையும் 3-ஆல வகுத்து மீதியை எழுதுங்க. 0-லிருந்து ஆரம்பிச்சா 0, 0, 2, 2, 1, 1, மறுபடியும் 0. ஆறு அமாவாசையில ஒவ்வொரு ஊருக்கும் சரியா ரெண்டு. அரை வருஷத்துல கணக்கு நேர்.

அந்த வகுப்புல ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. எனக்கும் அது அன்னிக்குத்தான் தெரியும். மாசத்துல அந்த அரை நாள் குறையுறதுதான் மூணு ஊருக்கும் நியாயம் செய்யுது. இப்போ சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு நிலாவையும் சேர்த்துச் சுத்த விட்டீங்கன்னா, ஆறு மாசத்தை இருபது விநாடியில பார்க்கலாம். நிலா இருட்டாகும்போதெல்லாம் சக்கரம் எந்த நிறத்துல நிக்குதுன்னு பிள்ளைங்களே எண்ணுவாங்க. அனிமேஷனோட உண்மையான பயன் இங்கேதான்னு நான் நினைக்கிறேன். பலகையில ஏழு எண்ணை எழுதினா விடை கிடைக்கும். நிலாவும் சக்கரமும் ஒண்ணையொண்ணு விட்டு மெல்ல மெல்ல விலகுறதைக் கண்ணால பார்க்க அசைவு வேணும்.

ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் உருவாகக் காரணமா இருந்த கணக்கு ஆசிரியர் பி.கே. சீனிவாசன், சுவர்ல மாட்டுற மாத நாள்காட்டியை வச்சே பிள்ளைகளுக்கு எண் விளையாட்டுகள் சொல்லிக் கொடுத்தவர், அதுக்குன்னே புத்தகமும் எழுதினவர். அவர்கிட்ட லேப்டாப் இல்லை. வீட்டுல ஏற்கெனவே இருக்கிற பொருளிலிருந்து கணக்கை எடுக்கணும்ங்கிற புத்தி இருந்துச்சு. நாம அதைத்தான் அவர்கிட்டேருந்து வாங்கணும்.

பாடு முறையைப் புகழ்ந்து மட்டும் படம் எடுத்துடாதீங்க. சக்கரம் சுத்துற விதி நியாயமானது. ஆனா சக்கரத்துல யாருக்கு இடம் இருக்குங்கிற பட்டியல் வேற விஷயம். குறிப்பிட்ட ஊர்களோட, குறிப்பிட்ட சமூகத்து ஆண்களுக்குத்தான் அந்த உரிமை வழிவழியா வந்திருக்கு. கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற இருளர் பெண்கள் அந்தச் சக்கரத்துல இல்லை. நாலாவது ஊரைச் சேர்த்தா மீதிக் கணக்கு என்ன ஆகும்னு பிள்ளைங்களைக் கேளுங்க. 4-ஆல வகுக்கணும்னு கணக்கு சொல்லும். சேர்க்கணுமா வேண்டாமாங்கிறதை மைதானத்துல பேசுவாங்க. எங்க வகுப்புல பேசினாங்க, சத்தமாவே.

இன்னொரு படம், வலையைப் பத்தி. வலைக்கண் ஒவ்வொண்ணும் ஒரு சாய்சதுரம். வலையை நீளவாக்கில இழுத்துப் பிடிச்சா கண் மூடிக்கும், தளர்த்தினா திறக்கும். கயித்துல எவ்வளவு நெருக்கிக் கோக்கிறோம்ங்கிறதுதான் கண் எவ்வளவு திறந்திருக்கும்னு தீர்மானிக்குது. கண்கள் மூடுற அளவுக்கு இழுத்தா 100 மீட்டர் வர்ற வலையை 50 மீட்டர் கயித்துல கோத்தா, கண்ணோட மேல் முனையில் கோணம் 60 பாகை. சாய்சதுரத்தின் பரப்பு, பக்கத்தின் வர்க்கத்தை அந்தக் கோணத்தின் சைனால பெருக்கினா வரும். சைன் 90 பாகையில உச்சத்தைத் தொடும், அதாவது கண் சதுரமாகும்போது. அதுக்குக் கயிறு சுமார் 71 மீட்டர் வேணும், 100-ஐ ரூட் 2-ஆல வகுத்த அளவு. 50 மீட்டர் கயித்துல பரப்பு உச்சத்தில் 87 சதவீதம்.

இந்த இடத்துல பாடப் புத்தகமா இருந்தா விடை 71 மீட்டர்னு அடிக்கோடு போட்டு முடிச்சிருக்கும். ஆனா செவுள் வலை கோக்கிறவங்க உலகம் முழுக்கப் பாதி அளவை ஒட்டித்தான் வழக்கமா கோக்கிறாங்க. ஏன்? மீன் மாட்டணும்னா வலை கொஞ்சம் தொளதொளன்னு இருக்கணும், முறுக்கா விரிஞ்ச சதுரக் கண்ணுல மோதின மீன் திரும்பிப் போயிடும். அப்போ உச்சப் பரப்புதான் நல்ல விடைன்னு யார் சொன்னது? கேள்வியை யார் கேக்கிறாங்கங்கிறதைப் பொறுத்து விடை மாறுது. இன்ஜினியரிங்கில் நாலு வருஷமா ஆப்டிமைசேஷன் படிச்சும் எங்க வகுப்புல இப்படி ஒரு உதாரணம் வந்ததில்லை. ஒரு சாய்சதுரம் திறந்து மூடுது, பக்கத்துல பரப்போட வரைபடம் ஏறி இறங்குது, கீழே கயித்து நீளம் ஓடுது. முப்பது வரி கோட்ல முடியும். பிள்ளைங்க அப்பாகிட்ட போய், "நம்ம வலை எவ்வளவுக்கு எவ்வளவு கோத்திருக்கு?"ன்னு கேட்டுட்டு வந்தா அதுதான் வீட்டுப்பாடம்.

இனி தொல்லை பிடிச்ச பகுதி, தமிழ் எழுத்து. இதைப் படிச்சிட்டு உக்காந்தீங்கன்னா உங்களுக்கு ரெண்டு ராத்திரி மிச்சம். மேனிம்ல சூத்திரங்களுக்கு ஒரு வழி, சாதாரண எழுத்துக்கு ஒரு வழி. சூத்திர வழி லேடெக் வழியா போகுது. அதுல வழக்கமா இயங்குற லேடெக் கம்பைலருக்குத் தமிழ் தெரியாது. ஜீலேடெக்குக்கு மாத்தி, தமிழ் எழுத்துருவைக் காட்டிக் கொடுத்து ஓட்டலாம். ஆனா என் ஆலோசனை, அந்தப் பக்கமே போகாதீங்க. சூத்திரத்தை சூத்திர வழியில வைங்க. தமிழ்ச் சொற்களை டெக்ஸ்ட் வழியில நோட்டோ சான்ஸ் டமில் மாதிரி ஒரு இலவச எழுத்துருவோட வைங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல அடுக்கிடுங்க. டெக்ஸ்ட் வழி பாங்கோங்கிற லைப்ரரியைப் பயன்படுத்துறதால கொம்பும் காலும் அது அது இடத்துல சரியா வந்து உக்காரும்.

சிக்கல் அடுத்த படியில. ஒரு சொல்லுல ஒரு எழுத்துக்கு மட்டும் நிறம் கொடுக்கணும்னு வைங்க. பழவேற்காடுங்கிற சொல்லுல எத்தனை எழுத்து? ஒண்ணாவது பிள்ளை ஆறுன்னு சொல்லும், அதுதான் சரி. பைத்தான் பத்துன்னு சொல்லும். வே-யை வ தனி, ஏகாரக் குறி தனின்னு எண்ணுது, புள்ளியைத் தனியா எண்ணுது, காலையும் தனியா எண்ணுது. திரையில வரைஞ்ச வடிவங்களை எண்ணினா இது ரெண்டுக்கும் சம்பந்தமில்லாத வேற ஒரு எண் வரும், எழுத்துருவைப் பொறுத்து. கொ-வுக்குப் பைத்தான்ல ரெண்டு குறியீடு, திரையில மூணு வடிவம். ஸ்ரீ-க்கு நாலு குறியீடு, திரையில ஒரே வடிவம். ஸ்ரீஹரிகோட்டான்னு எழுதிட்டு ஹ-வுக்கு நிறம் கொடுக்கச் சொன்னா நிறம் எங்கேயோ போய் உக்காரும். ஆங்கிலத்துல எழுத்தும் குறியீடும் வடிவமும் ஏறக்குறைய ஒண்ணுங்கிறதால இதை எழுதினவங்களுக்கு இந்தத் தலைவலி பெருசா தெரியாது. சுலபமான தப்பிப்பு: எழுத்து எழுத்தா நிறம் கொடுக்காதீங்க, ஒவ்வொரு சொல்லையும் தனி ஆப்ஜெக்ட்டா வச்சுக்கோங்க. நல்ல தீர்வு, தமிழ் எழுத்து எல்லைகளைத் தெரிஞ்சு வடிவங்களைத் தொகுக்கிற ஒரு சின்ன துணை லைப்ரரி. யாராவது அதை எழுதினா அதுவே தனியா ஒரு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்கள் கவனிக்கவும்.

இதுல ஒரு சந்தோஷமும் இருக்கு. எழுதிக் காட்டுற அனிமேஷனை ஓட்டிப் பாருங்க. மெமரியில வ முதல்ல இருக்கு, குறி அப்புறம். ஆனா திரையில கொம்பு முதல்ல எழுதப்படும், வ பின்னால. பலகையில டீச்சர் எழுதுற அதே வரிசை. யாரும் திட்டமிட்டு வைக்கலை, இடமிருந்து வலம் வரையுறதால தானா அமைஞ்சது. ஒரு பொடியன் அதைக் கண்டுபிடிச்சு, "கம்ப்யூட்டர் நம்மள மாதிரியே எழுதுது"ன்னான்.

குரலுக்கு இயந்திரக் குரல் வேண்டாம்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன். சேர்க்கிறது சுலபம், தெரியும். ஆனா முகத்துவாரம், கச்சான், வாடைங்கிற சொற்களை அந்த ஊர்ல வளர்ந்த ஒரு அக்கா சொல்றதுக்கும் ஒரு இயந்திரம் சொல்றதுக்கும் உள்ள தூரம் ரொம்ப அதிகம். அங்கே பிளஸ் டூ முடிச்ச பொண்ணுங்க இருக்காங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணினாலே போதும். அவங்க பேர் வீடியோல வரட்டும், உங்க பேருக்கு மேல.

எதிர்த்துக் கேக்கிறவங்களுக்கும் பதில் சொல்லணும். ஜியோஜீப்ரா இருக்கேன்னு கேப்பீங்க. நியாயம். நம்ம மாநிலக் கணக்குப் புத்தகங்கள்லேயே இணையச் செயல்பாடுன்னு ஜியோஜீப்ரா பயிற்சிகள் இருக்கு, கியூஆர் கோடும் இருக்கு. பிள்ளை தானே இழுத்து மாத்திப் பார்க்க முடியுற விஷயத்துக்கு ஜியோஜீப்ராதான் மேல், மேனிம் வெறும் வேடிக்கை. வலைக்கண் படத்தைக் கூட ஜியோஜீப்ராவுல செய்தா இன்னும் நல்லா இருக்கும்னு நானே சொல்வேன். ஆறு மாசத்தை இருபது விநாடியாச் சுருக்கி, ஒரு குரலோட, ஒரு கதையோட சொல்லணும்னா மேனிம். ஏற்கெனவே கல்வி டிவி இருக்கேன்னும் கேப்பீங்க. 2019-லேருந்து இருக்கு, மாநிலம் முழுசுக்கும் ஒரே பாடம் சொல்லணும்ங்கிறது அதோட வேலை. ஒரு ஏரிக்கு மட்டும் ஒரு பாடம் செய்யுறது அதோட வேலை இல்லை. நம்ம வேலை.

"இதனால பிளேஸ்மென்ட் கிடைக்குமா?" இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் மனசுல வச்சிருக்கீங்க. கிட், டெஸ்டிங், டாக்குமெண்டேஷன், யூனிகோட், ஒரு நிஜ பயனாளியோட உக்காந்து பேசினது, எல்லாம் இதுல வருது. அட்டெண்டன்ஸ் சிஸ்டத்துல இதுல பாதி வராது. இதுக்கு மேல அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

இதை விடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. பழவேற்காட்டைப் பத்தின முடிவுகள் இப்போ வரைபடங்களாத்தான் வருது. காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத் திட்டத்தை அங்கே உள்ள மீனவ ஊர்கள் பல வருஷமா எதிர்த்துட்டு வர்றாங்க. இப்படிப்பட்ட திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேணும். 2006 அறிவிக்கைப்படி அதோட சுருக்கம் உள்ளூர் மொழியிலயும் தரணும். சொற்களைத் தமிழாக்கலாம். கரையோர மாற்றத்துக்கான வரைபடத்தை, மாதிரிக் கணக்கீட்டை யார் தமிழாக்குறது? நம்ம கிழக்குக் கரையில மணல் மொத்தத்துல தெற்கிலிருந்து வடக்கே நகருது. குறுக்கே கல் சுவர் கட்டினா தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். மெரினா அப்படித்தான் அகலமாச்சு, ராயபுரம் அப்படித்தான் கரைஞ்சது. நூத்துக்கும் மேல வருஷமா சென்னைக்காரங்க கண்ணு முன்னாடி நடந்த பாடம் இது. ஒவ்வொரு மணல் துகளையும் ஒரு புள்ளியாக்கி மேனிம்ல நகர விட்டா ஒரு நிமிஷப் படம். திட்டம் வேணுமா வேண்டாமான்னு அந்தப் படம் சொல்லாது, சொல்லவும் கூடாது. ஆனா அதைப் பார்த்து வளர்ந்த ஒரு பொண்ணு நாளைக்குக் கருத்துக் கேட்புக் கூட்டத்துல மைக் முன்னாடி நிக்கும்போது, "இந்த வரைபடத்துல செங்குத்து அச்சு என்ன? எத்தனை வருஷத் தரவு?"ன்னு கேப்பா. அமாவாசை எந்த ஊருக்குன்னு கேட்டவளுக்கு அதைக் கேக்கத் தெரியாதா?

துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்ட் மதிப்பெண்ணுக்கு "புதுமை"ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுக்குப் பக்கத்துல, "இதை யார் பயன்படுத்தினாங்க, அவங்க என்ன கேட்டாங்க"ன்னு ஒரு கட்டம் போடுங்க. பத்து மார்க் போதும். மாணவர்கள் தானா பஸ் ஏறிடுவாங்க.

எங்ககிட்ட இப்போ முடிஞ்ச படங்கள் மூணு: பாடுச் சக்கரம், வலைக்கண், ஏற்ற இறக்கம். மூணாவதுல 12 மணி நேர சூரிய அலையும் 12.42 மணி நேர சந்திர அலையும் சேர்ந்து 14.77 நாளுக்கு ஒரு தடவை உச்சம் தொடுறதைக் காட்டுறோம். அது இன்னும் கொஞ்சம் வேகமா ஓடுது, குரலோட சேர்த்து நிதானமாக்கணும். மணல் நகர்வுப் படம் பாதியில நிக்குது, ஏன்னா எங்க மூணு பேருக்கும் கடற்கரைப் பொறியியல் தெரியாது. சிவில்ல யாராவது அந்த எலெக்டிவ் எடுத்திருந்தா நியூ பிளாக் ரெண்டாவது மாடி லேப்ல வியாழக்கிழமை சாயங்காலம் நாங்க இருப்போம். முகத்துவாரம் மணல் மூடி அடைபடும்போது ஏரித் தண்ணியோட உப்பு எப்படி மாறும்னு வகுப்புல ஒரு பையன் கேட்டு வச்சிருக்கான். அதுக்கு ஒரு வகைக்கெழுச் சமன்பாடு எழுதிட்டோம். அதைப் பத்தாம் வகுப்புக்குப் புரியுற மாதிரி எப்படி வரையுறதுன்னுதான் இன்னும் பிடிபடலை.